செல் மாற்றக் கொடுத்த கார் சாவி கண்ணை விட்டுப் போகக் கூடாது

நம்ம மாவட்டத்தில் கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். ரிமோட் சாவிக்கு செல் (பேட்டரி) மாற்றக் கொடுத்தால் அது உங்கள் கண் முன்னால்தான் திறக்கப்பட வேண்டும். உள்ளே கொண்டுபோய்ப் பார்க்கிறோம் என்றால் அந்த இடத்திலேயே சாவியைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

என்னுடையது மடக்குச் சாவி. முன்பெல்லாம் வராந்தாவில் நின்றே பூட்டுவேன், கொஞ்ச நாளாகக் கதவுப் பக்கத்தில் போய் அமுக்கினால்தான் வேலை செய்தது. செல் வலு குறைந்தால் இப்படித்தான் தூரம் குறைந்துகொண்டே வரும். நாகர்கோவிலுக்கு ஒரு வேலையாகப் போனபோது வழியில் ஒரு கார் அக்சசரீஸ் கடையில் கொடுத்தேன். பையன் சாவியை வாங்கிக்கொண்டு பின்னால் போய்விட்டான், எட்டிப் பார்த்தாலும் தெரியாத இடம். வெகுநேரம் கழித்து வந்து, "அண்ணே, செல் மாத்தியாச்சு, ஆனா உப்புக்காத்துல போர்டு அரிச்சுப் போயிட்டு, எவ்வளவு நாள் ஓடும்னு சொல்ல முடியாது" என்றான். கடற்கரை ஊர்க்காரர்களிடம் இந்த உப்புக்காற்றுக் கதை சுலபமாக எடுபடும், ஏனென்றால் நம் வீட்டு கேட்டும் ஜன்னல் கம்பியும் துருப்பிடிப்பதை நாம் தினமும் பார்க்கிறோம்.

காரில் ஏறிச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஒரு நொடி பிடித்து உடனே நின்றது. திரும்பத் திரும்ப அதேதான், மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. முதலாளியே வெளியே வந்து, "வண்டி கம்ப்யூட்டர் லாக் ஆயிட்டு சார், புதுச் சாவி போட்டுப் புரோகிராம் பண்ணணும், 6,500 ஆகும், ஷோரூம் போனா இதுக்கு டபுள்" என்றார். நடுரோட்டில் வண்டி, பின்னால் ஹாரன், ஆர்டர் போடணும் என்று அவர் அவசரப்படுத்த, 2,000 ரூபாய் முன்பணம் ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்கு, சாவி வந்ததும் சேர்த்துத் தருகிறோம் என்றார்கள்.

தக்கலையில் இருந்து மச்சான் வீட்டிலிருந்த இரண்டாவது சாவியை எடுத்துக்கொண்டு பைக்கில் வந்தான். அதைப் போட்டதும் வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகி நின்று ஓடியது. கம்ப்யூட்டரும் லாக் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை. மச்சான் எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்தவன், கடைக்காரர் பார்க்கப் பார்க்க பானெட் மேல் வைத்துப் பழைய சாவியைத் திறந்தான். போர்டு பளிச்சென்று இருக்கிறது, அரிப்பு இருந்தால் செல் உட்காரும் தகடுகளில் பச்சை பூத்திருக்கும், அப்படி எதுவும் இல்லை. மூடியின் உள்பக்கம் சிஆர் 2032 என்று அச்சடித்திருக்க, இவர்கள் போட்டிருந்தது 2025. இரண்டும் 3 வோல்ட்தான், அகலமும் 20 மில்லிமீட்டர்தான், ஆனால் 2032 என்பது 3.2 மில்லிமீட்டர் கனம், 2025 வெறும் 2.5. ஆடாமல் இருக்க அடியில் காகிதத்தை மடித்துச் செருகியிருந்தார்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், இது சரியான சாவிதான் என்று வண்டிக்கு அடையாளம் காட்டுகிற இம்மொபிலைசர் சிப் இருக்க வேண்டிய குழி காலியாக இருந்தது.

இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். கதவு திறக்கிற ரிமோட் வேறு, இன்ஜினை ஓட விடுகிற சிப் வேறு. அந்தச் சிப்புக்கு செல்லே தேவையில்லை, சாவி போடும் இடத்தைச் சுற்றியிருக்கும் காயிலில் இருந்து அது கரண்ட் எடுத்துக்கொள்ளும். அதனால் செல் முழுக்கச் செத்தாலும் சாவியைக் கதவில் போட்டுத் திறந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். பட்டன் ஸ்டார்ட் வண்டியிலும் ரிமோட்டுக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், பெரும்பாலான வண்டிகளில் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்து அமுக்கினாலே போதும், இடம் மாறினால் மேனுவலில் போட்டிருப்பார்கள். எந்த அவசரமும் இல்லை என்பதுதான் விஷயம். என்னுடையது போன்ற சாவிகளில் சிப் போர்டோடு சேராமல் தனியாக, அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புத் துண்டாக இருக்கும், சாவியைத் தாறுமாறாக நெம்பினால் தெறித்து விழுந்துவிடும். விழுந்தது தெரியாமல் போயிருந்தால்கூட ஒருவகை. ஆனால் மச்சான் உள்ளே போய்க் கேட்டதும் அந்தப் பையன் யோசிக்கவே இல்லை, ஸ்க்ரூ போட்டிருந்த தட்டில் இருந்து நேராக எடுத்துக் கொடுத்தான். சிப் அங்கே இருப்பது தெரிந்தேதான் 6,500 ரூபாய் கேட்டிருக்கிறார்கள்! சிப்பைக் குழியில் வைத்துத் திருப்பினோம், வண்டி ஓடியது.

முன்பணத்தில் 1,500 திரும்பி வந்தது, 500 ரூபாய் செக்கிங் சார்ஜாம். மூடியின் கிளிப்பும் உடைந்திருக்கிறது.

சரி, நீங்களே மாற்றுவதாக இருந்தால் சாவியின் ஓரத்தில் சின்ன வெட்டு இருக்கும், தட்டை ஸ்க்ரூடிரைவர் முனையில் டேப் சுற்றி அதில் வைத்து மெதுவாகத் திருப்புங்கள். சிலவற்றில் மறைவாக ஒரு ஸ்க்ரூ உண்டு, வரவில்லை என்று பலம் கொடுக்காதீர்கள். வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்துத் திறந்தால் எது விழுந்தாலும் கண்ணில் படும். பழைய செல்லின் எண்ணையும் பிளஸ் எந்தப் பக்கம் என்பதையும் போட்டோ எடுத்து, அதே எண்ணில் நல்ல கம்பெனி செல் வாங்குங்கள், 100 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கழற்றிய செல் குழந்தைகள் கையில் கிடைக்கவே கூடாது, விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன், ஜிபே ரசீதும் திறந்த சாவியின் போட்டோவும் கையில் இருக்கின்றன. பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அங்கே முடியவில்லை என்றால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இதே மாதிரி "போர்டு போயிட்டு" என்று சொல்லி யாரையாவது புதுச் சாவி வாங்க வைத்திருந்தால், பழைய சாவியைத் தூக்கிப் போடாதீர்கள், திறந்து சிப் குழி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.