ஹேவ்லாக்கில் ஸ்கூபா கற்கப் போகிறவர்களுக்கு: என் 15,000 ரூபாய் போன கதை

பிப்ரவரியில் அந்தமான் போயிருந்தேன். தனியாள், முதுகில் ஒரே பை, ஒன்பது நாள் லீவு. ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரைச் சுமந்துகொண்டு கடலுக்கடியில் முக்குளிப்பதை முறையாகக் கற்றுக்கொண்டு, கற்றதற்குச் சான்றான கார்டும் வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. ஹேவ்லாக் தீவுக்கு 2018-லேயே ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் படகுத்துறையில் இன்னமும் ஹேவ்லாக் என்றுதான் கூவுகிறார்கள். அங்கே இறங்கி, வந்து சேர்ந்துவிட்டேன் என்று அம்மாவுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன். பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"நம்ம ஊர்ப் பேச்சு மாதிரி இருக்கே. மதுரையா தம்பி?"

"ஆமாண்ணே, திருமங்கலம்."

"அட, எங்க தாத்தா முதுகுளத்தூர்ல இருந்து கப்பலேறி வந்தவரு. வாங்க, ஒரு டீ குடிப்போம்."

அந்தமானில் தமிழர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் ஹேவ்லாக்கில் பெரும்பாலும் வங்காளிக் குடும்பங்கள்தான். மூன்று நாளாக அரைகுறை இந்தியில் சமாளித்துக் கொண்டிருந்தவனுக்கு அந்த "தம்பி" காதில் தேன் மாதிரி விழுந்தது. டீக்கு அவரே காசு கொடுத்தார். பஜாருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, வாசலில் காய்ந்துகொண்டிருக்கும் நீச்சலுடைகள், சுவரில் ஆமைப் படம். அதுதான் அவருடைய டைவ் சென்டர். பெயர் சொல்லப் போவதில்லை. சீசனுக்கு ஒரு பலகை மாட்டுகிறவர்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன், பெயர் தெரிந்தும் பிரயோஜனமில்லை.

ஓப்பன் வாட்டர் கோர்ஸ், அதாவது ஸ்கூபாவின் முதல் நிலைப் பயிற்சி, 18,000 ரூபாய் என்றார். நான் முன்னாடி விசாரித்த இரண்டு இடங்களில் 25,000-க்கு மேல் சொல்லியிருந்தார்கள். "அவங்க வாடகை, விளம்பரம்னு உங்க தலையில கட்டுறாங்க தம்பி. நமக்கு எதுக்கு அது? மூணே நாள், கார்டு கைல. உலகத்துல எந்தக் கடல்லயும் இறங்கலாம்." படிக்கப் புத்தகம் ஏதாவது தருவீர்களா என்று கேட்டேன். சிரித்தார். "கடல்ல இறங்கினா தானா வரும்."

அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். 10,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். திரையில் வந்தது கடைப் பெயர் இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர். கவனித்தேன், விட்டுவிட்டேன். மீதி 8,000-ஐ மறுநாள் காலையில் பணமாக வாங்கிக்கொண்டார். ரசீது? "நமக்குள்ள என்ன தம்பி."

முதல் நாள் காலையில் ஒரு மருத்துவப் படிவம் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா, சைனஸ் உண்டா, இதயத்தில் கோளாறு உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். எனக்கு அன்றைக்குச் சளி. சொன்னேன். "எல்லாத்துக்கும் நோ போட்டுடுங்க, ஆமான்னு போட்டா டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க, ஒரு நாள் வீணாப்போகும்" என்றார். போட்டேன். இதில் என் தப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை.

சளியோடு இறங்கினால் என்ன ஆகும் என்பதை மூன்று மீட்டர் ஆழத்திலேயே தெரிந்துகொண்டேன். இறங்க இறங்கத் தண்ணீரின் அழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ளும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால், தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் வழியாகக் காற்று ஏறி அதைச் சரிக்கட்டும். சளி இருந்தால் அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும். இடது காதில் கோணி ஊசியால் குத்துவது மாதிரி வலி. காதைத் தொட்டுக் காட்டினேன். கூட வந்த பையன் தலையாட்டிவிட்டு இன்னும் கீழே கொண்டுபோனான். ஊர் திரும்பியபின் ஈஎன்டி டாக்டர் பார்த்துவிட்டு, செவிப்பறை சிவந்து வீங்கியிருக்கிறது, கிழியாதது உங்கள் நல்ல காலம் என்றார். பத்து நாள் மாத்திரை.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரில், வாயில் கவ்வும் ரப்பரை யாரோ கடித்துக் கடித்து ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. மேலே மாட்டிக்கொள்ளும் பிசிடி, அதாவது காற்றை ஏற்றியும் இறக்கியும் மிதப்பைச் சரிசெய்கிற சட்டை, பித்தானைத் தொடாமலே உஸ்ஸென்று தானாக ஊதிக்கொண்டது. எனக்கு மறக்காமல் நிற்பது அந்தக் காற்றுமானிதான். சிலிண்டரில் மாட்டாமல் படகுப் பலகையில் சும்மா கிடந்தபோதே அதன் முள் பூஜ்யத்துக்கு வராமல் 20-இல் நின்றது. அப்போது எனக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை. நிரப்பிய சிலிண்டர் 200 பார் (காற்றழுத்த அளவு) காட்டும், 50 பார் மிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும் என்பது வழக்கம். முள்ளே 20 கூடுதலாகக் காட்டினால் அந்த 50 உண்மையில் 30-தான். தராசில் கைவைக்கிற கடைக்காரன் காய்கறியில்தான் ஏமாற்றுவான், இவர்கள் மூச்சில்.

கரையோரமாக நீமோ ரீஃப் என்கிற இடத்தில் இறங்கினோம். நாங்கள் ஆறு பேர். ஆறில் இரண்டு பேர் கோயம்புத்தூரிலிருந்து தேனிலவுக்கு வந்த தம்பதி. ஆளுக்கு 4,000 கட்டி, ஒரே ஒரு தடவை கடலுக்கடியில் பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள். அவர்களுக்கும் எனக்கும் அதே படகு, அதே இடம், அதே அரைமணி நேரம். தண்ணீருக்குள் கோமாளி மீன்களைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்கு அதில் சந்தேகமே தோன்றவில்லை. பொய் சொல்லக்கூடாது, அந்த அரைமணி நேரம் அற்புதம்தான்.

அன்று இரவு ஐந்தாம் நம்பர் கடற்கரைப் பக்கம் நான் தங்கியிருந்த விடுதியில் புனேயிலிருந்து வந்த ஒரு பெண், கொசுவர்த்திப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார். வேறொரு சென்டரில் அதே ஓப்பன் வாட்டர் கோர்ஸ் செய்கிறாராம். நானும்தான் என்றேன் பெருமையாக.

"முகமூடியைக் கழற்றி மாட்டினீர்களா?"

"இல்லையே."

"ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்து, தேடிப் பிடித்துத் திரும்ப வைத்தீர்களா? காற்றுத் தீர்ந்த மாதிரி காட்டி அடுத்தவரிடம் வாங்கிச் சுவாசித்தீர்களா? 200 மீட்டர் நீந்தவிட்டார்களா? பத்து நிமிஷம் மிதக்கச் சொன்னார்களா?"

ஒன்றுமில்லை. அவர் கையிலிருந்ததை வாங்கிப் படித்தேன். உலகமெங்கும் இந்தக் கோர்ஸின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் பாடம், தேர்வு. பிறகு நீச்சல்குளத்திலோ குளம்போல் அமைதியான ஆழமில்லாத தண்ணீரிலோ ஒவ்வொரு பயிற்சியாகச் செய்து காட்ட வேண்டும். அதில் தேறினால் கடலில் குறைந்தது நான்கு டைவ், 18 மீட்டர் வரை. முதல் டைவுக்கு முன்னாலேயே மண்டையில் ஏற்றுகிற விதி ஒன்று: தண்ணீருக்குள் மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் நிரம்பிய நுரையீரலோடு மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் தாங்காது. இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே இறக்கிவிட்டார்கள்.

அப்புறம் அவர் கடலுக்கடியில் எடுத்த என் வீடியோவைக் கேட்டார். கைடு அதை என் போனுக்கு அனுப்பியிருந்தான். ஓடவிட்டு, ஓர் இடத்தில் நிறுத்தி விரலை வைத்துக் காட்டினார். என் தலைக்குப் பின்னால், சிலிண்டரின் கழுத்தைப் பிடித்தபடி ஒரு கை. வீடியோ முழுக்க அந்தக் கை இருக்கிறது. நான் நீந்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உண்மையில் அவன் என்னைப் பூனைக்குட்டி மாதிரி பிடரியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். என் சட்டைக்குக் காற்று ஏற்றியதும் இறக்கியதும் அவன் விரல்தான். என் கை இரண்டும் சும்மா முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

அறிமுக டைவ் என்று ஒன்று உண்டு. 12 மீட்டருக்குள், பயிற்சி இல்லாதவர்களைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவது. ஹேவ்லாக்கில் அதிகம் விற்பது அதுதான், அதில் தப்பே இல்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் 4,000 கொடுத்து அதைத்தான் கேட்டார்கள், அதுவே கிடைத்தது. எனக்கு அதையே மூன்று துண்டாக வெட்டி, கோர்ஸ் என்று பெயர் வைத்து 18,000-க்கு விற்றிருக்கிறார் அண்ணன்.

மறுநாள் படகில் கைடுப் பையனிடம் நேராகவே கேட்டேன், நீ இன்ஸ்ட்ரக்டரா என்று. இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். தலையைக் குனிந்துகொண்டு, டைவ்மாஸ்டர் என்றான். டைவ்மாஸ்டர் கூட்டிப்போகலாம், உதவி செய்யலாம், ஆனால் கோர்ஸ் முடித்ததாகச் சான்று கொடுக்க இன்ஸ்ட்ரக்டரால்தான் முடியும். "சார் சொல்றதைச் செய்றேன் பையா, மாசச் சம்பளம்" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

சாயங்காலம் அண்ணனிடம் போனேன். அதற்குள் அவர் மூன்றாம் நாளுக்குத் திட்டம் போட்டு வைத்திருந்தார். காலை ஆறு மணிக்கு ஒரு டைவ், முடித்துவிட்டு முதல் படகில் போர்ட் பிளேர், மத்தியானம் சென்னை விமானம். அழுத்தத்தில் சுவாசிக்கும்போது உடம்பில் நைட்ரஜன் கரைந்திருக்கும். அது வெளியேறுவதற்குள் விமானத்தில் ஏறினால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழ் கட்டும். பல டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்வது. நானே முந்தின இரவு படித்ததுதான். சொன்னேன்.

"அதெல்லாம் ஆழமாப் போறவங்களுக்கு தம்பி. நம்ம கடல்ல ஒண்ணும் ஆகாது. எத்தனை பேரை அனுப்பியிருக்கேன்."

"காசைத் திருப்பிக் குடுங்கண்ணே."

"என்ன தம்பி, ஊர்க்காரன்னு நம்பிச் செஞ்சேன், இப்படிப் பேசுறீங்க."

ஒன்றரை மணி நேரம் நின்றேன். புதிதாக ஒரு குடும்பம் விலை விசாரிக்க உள்ளே வந்ததும் மூவாயிரத்தை எண்ணிக் கையில் திணித்து, "கார்டு மெயில்ல வரும், கிளம்புங்க" என்றார். கூடவே, டால்பின் படம் போட்டு அச்சடித்த ஒரு சான்றிதழ். என் பெயரில் எழுத்துப்பிழை. கார்டு இன்றுவரை வரவில்லை. கார்டு தரும் என்று அவர் சொன்ன பாடி (PADI) என்கிற சர்வதேச ஸ்கூபா பயிற்சி அமைப்புக்கே எழுதிக் கேட்டேன், என் பெயரில் எந்தப் பதிவும் இல்லை என்று பதில் வந்தது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். ரசீது இல்லாமல், யாரோ ஒரு பெண்ணின் ஜிபே கணக்கை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகும் என்று தெரியவில்லை.

போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இன்ஸ்ட்ரக்டரின் எண்ணைக் கேளுங்கள். பாடி, எஸ்எஸ்ஐ போன்ற அமைப்புகளில் ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்டருக்கும் ஓர் எண் உண்டு, அந்த அமைப்பிடமே சரிபார்க்கலாம். நல்ல ஆள் சந்தோஷமாகச் சொல்வார். கோர்ஸ் என்றால் பாடம் படிக்க உங்கள் பெயரிலேயே கணக்கோ புத்தகமோ வரவேண்டும், அது இல்லாமல் முதல் நாளே கடலில் இறக்குகிறார்கள் என்றால் அது கோர்ஸ் இல்லை. கருவியைச் சிலிண்டரில் மாட்டுவதுகூட உங்கள் கையால்தான் செய்யவேண்டும், அவர்கள் மாட்டி முதுகில் ஏற்றிவிட்டால் சந்தேகப்படுங்கள். சிலிண்டர் காற்றை மூச்சிழுத்துப் பாருங்கள், எண்ணெயோ புகையோ வாடை அடித்தால் இறங்கவே வேண்டாம். சளி இருந்தால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு முழு நாள் விட்டு டிக்கெட் போடுங்கள்.

போன வாரம் அண்ணனுடைய வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ஒரு விளம்பரம் பார்த்தேன். "3 நாளில் சர்டிபிகேட், தமிழில் பயிற்சி" என்று போட்டு, கீழே என் படம். பின்னால் இருந்த கையை வெட்டிவிட்டார்கள். படத்தில் நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருக்கிறேன், சூப்பர் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு. தண்ணீருக்குள் அந்தச் சைகைக்கு "மேலே போவோம்" என்று அர்த்தம்.