விட்டுவிட எதைப் பார்ப்பது: கொம்பா, வயதா, மான் நிற்கும் கோணமா?

அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் நாலு பேர் கூடினால், சுட்ட மானைப் பற்றிய பேச்சு கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும், சுடாமல் விட்ட மானைப் பற்றிய சண்டை லேசில் தீராது. நம்மூரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் மானைச் சுட்டால் ஜெயில் என்பதால் இது நமக்கு விநோதமாகத் தெரியலாம். அங்கே வருடத்துக்குச் சுமார் 60 லட்சம் வெண்வால் மான்கள் லைசென்ஸோடு சுடப்படுகின்றன. எதைச் சுடுவது, எதை விடுவது என்பதில் மாநிலத்துக்கு ஒரு சட்டம், பண்ணைக்கு ஒரு ஒப்பந்தம், ஆளுக்கு ஒரு கொள்கை.

சுடாமல் விடுவதற்குச் சொல்லப்படும் காரணங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நாலு தேறும். கொம்பில் கிளை போதாது என்று விடுவார்கள், வயது போதாது என்று விடுவார்கள், முதலில் பெண் மான் ஒன்றைச் சுட்டாக வேண்டும் என்பதால் எதிரே நிற்கும் ஆண் மானை விடுவார்கள், அப்புறம் மான் நிற்கிற நிலையோ தூரமோ வெளிச்சமோ சரியில்லை என்று விடுவார்கள். முதல் மூன்றும் மான் கூட்டத்தைப் பற்றிய கணக்கு. நாலாவது மட்டும் எதிரே நிற்கும் அந்த ஒரு மானைப் பற்றியது. மற்ற மூன்றிலும் எனக்குப் பிடித்தது பிடிக்காதது உண்டு, நாலாவதில் பேரமே கிடையாது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

வில் வேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 30 கெஜம் என்றால் 90 அடி. கப்பிகள் வைத்த நல்ல காம்பவுண்ட் வில்லிலிருந்து கிளம்பும் அம்பு நொடிக்கு 280 அடி வேகத்தில் போனாலும் மானிடம் போய்ச்சேர ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகிறது. ஒலியின் வேகம் நொடிக்கு 1,100 அடிக்கு மேல். ஆக, அம்பு கால்வாசித் தூரம் தாண்டும்போதே நாண் அதிர்ந்த சத்தம் மானின் காதில் விழுந்துவிடுகிறது. ஏற்கெனவே காதை விறைத்து மிரண்டு நிற்கும் மான் பாய்வதற்கு முன்னால் கால்களை மடக்கி உடம்பைக் கீழே இறக்கும், நுரையீரலுக்கு வைத்த குறி முதுகுப்பக்கம் போய்விடும். மேய்ந்துகொண்டு நிம்மதியாக நிற்கும் மானுக்கு 30 கெஜம் சரியான தூரம் என்றால், மிரண்ட மானுக்கு அதே 30 கெஜம் தப்பான தூரம். ரேஞ்ச்ஃபைண்டர் தூரத்தைச் சொல்லும், மான் மிரண்டிருக்கிறதா என்பதை ஆள்தான் பார்க்க வேண்டும்.

கோணமும் அப்படித்தான். முழுப் பக்கவாட்டில் நிற்கும் மான், அல்லது பின்பக்கத்தைச் சற்றே நம் பக்கம் திருப்பி விலகி நிற்கும் மான், இரண்டிலும் நுரையீரலுக்கு வழி திறந்திருக்கும். நம்மை நோக்கிச் சாய்வாக நிற்கும் மானில் தோள்பட்டை எலும்பு குறுக்கே வரும், அம்பு உள்ளே போனாலும் ஒரு நுரையீரலைத் தொட்டுவிட்டு இரைப்பைக்குப் போய்விடும் ஆபத்து அதிகம். வயிற்றில் அடிபட்ட மான் உடனே சாகாது. எட்டு, பத்து, பன்னிரண்டு மணி நேரம்கூடப் பின்தொடராமல் விட்டுவைக்கச் சொல்வார்கள், ஏனென்றால் அவசரப்பட்டுத் துரத்தினால் அது எழுந்து ஓடி எங்கோ புதரில் தொலையும். விட்டுவைத்தாலோ அதற்குள் கயோட்டி நரிகள் முந்திக்கொள்ளலாம். ரைஃபிள்காரர்களுக்குக் கோணத்தில் கொஞ்சம் சலுகை உண்டு, ஆனால் மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற கேள்வி பெரிதாகிறது: மேட்டு விளிம்பில் வானத்தை முதுகில் வைத்து நிற்கும் மானைச் சுட்டால் குண்டு எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. பல மாநிலங்களில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை சுடச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் அடர்ந்த காட்டுக்குள் அந்தக் கடைசிப் பத்து நிமிடம் இருட்டுதான். சட்டம் விடுகிறதே என்று சுடுகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை.

சரி, இனி சண்டைக்குரிய விஷயங்கள்.

கிளை எண்ணும் விதிக்குப் பெரிய உதாரணம் பென்சில்வேனியா. அங்கே ரொம்ப காலமாகச் சுடப்பட்ட ஆண் மான்களில் பெரும்பாலானவை ஒன்றரை வயதுக் குட்டிகள். கொம்பு முளைத்த முதல் பருவத்திலேயே கதை முடிந்துவிடும். 2002-ல் மாநில வேட்டை ஆணையத்தின் மான் பிரிவுக்குத் தலைவராக இருந்த கேரி ஆல்ட் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது மூன்று கிளை (மேற்கு மாவட்டங்களில் நாலு) இருந்தால்தான் சுடலாம் என்ற விதியைக் கொண்டுவந்தார். கிளை என்றால் ஓர் அங்குல நீளமாவது இருக்க வேண்டும். பலனும் தெரிந்தது. இன்று அங்கே சுடப்படும் ஆண் மான்களில் பாதிக்கு மேல் இரண்டரை வயதோ அதற்கு மேலோ ஆனவை. இந்த விதியில் எனக்குப் பிடித்தது, பக்கத்து நிலத்துக்காரன் சுட்டுவிடுவானே என்ற பயம் போய்விடுகிறது. ஏனென்றால் அவனுக்கும் அதே சட்டம்தான்.

பிடிக்காததும் உண்டு. ஓடுகிற மானின் நெற்றிக்கிட்ட இருக்கும் சின்னக் கிளையை மர நிழலில் எண்ணுவது லேசான காரியம் இல்லை. மேற்கே பிற்பாடு அந்த நெற்றிக் கிளையைக் கணக்கில் சேர்க்காமல் மேலே மூன்று இருந்தால் போதும் என்று மாற்றினார்கள், அது எவ்வளவோ மேல். இன்னொரு சிக்கல் ஆழமானது, அதை முதலில் அனுபவித்தது மிசிசிப்பி. 1995-ல் மாநிலம் முழுக்க, இரண்டு கொம்பும் சேர்த்து நாலு கிளை என்ற விதி வந்தது. நல்ல தீனி கிடைக்கும் ஆற்றங்கரைப் பகுதிகளில் ஒன்றரை வயதுக் குட்டிக்கே நாலு கிளை வந்துவிடும். ஆக, அந்த வயதில் கொழுகொழுவென்று கொம்பு விட்டவை சுடப்பட்டன, சோனிக் கொம்புக்காரர்கள் தப்பி வளர்ந்தார்கள். வகுப்பில் முதல் பெஞ்சுக்காரனை டிசி கொடுத்து அனுப்பிவிட்டு ரிசல்ட் கூடும் என்று காத்திருந்த மாதிரி. மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-லேயே இதை எழுதிவிட்டார்கள், வளர்ந்த மான்களின் கொம்பு அளவு குறைகிறது என்று. 2009-ல் மிசிசிப்பி கிளை எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கொம்பின் அகலத்துக்கும் நீளத்துக்கும் மாறியது.

அகல விதியைச் சரியாகப் பிடித்தது டெக்சாஸ் என்று சொல்வேன். அதே 2002-ல் ஆறு கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சோதனையாகத் தொடங்கினார்கள்: இரண்டு கொம்புக்கும் நடுவே உள்ளகலம் 13 அங்குலம் இருக்க வேண்டும், அல்லது ஒரு பக்கக் கொம்பாவது கிளை விடாமல் வெறும் ஊசியாக இருக்க வேண்டும். அந்த 'அல்லது'தான் கெட்டிக்காரத்தனம். சோனிக் கொம்புள்ள குட்டியையும் சுடலாம், அகலமாக வளர்ந்த பெரியதையும் சுடலாம், நடுவில் நல்லபடி வளர்ந்துகொண்டிருக்கும் இளசுகள் தப்பிக்கும். எண்ணவும் வேண்டாம். மான் காதை விறைத்து நம்மைப் பார்க்கும்போது காது நுனிக்குக் காது நுனி ஏறக்குறைய 13 அங்குலம்தான், கொம்பு காதைத் தாண்டி நிற்கிறதா என்று பார்த்தால் போதும். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கவுண்டிகளில் இது சட்டம். சட்டமாகப் போடுவதென்றால் கிளையைவிட அகலம் மேல் என்பது என் முடிவு.

வயதைப் பார்த்து விடுகிறவர்கள் இந்த இரண்டு கட்சியையும் பார்த்துச் சிரிப்பார்கள். கொம்பு என்பது தீனி, மழை, வயது, பரம்பரை எல்லாம் கலந்த விளைவு, வயதைத் தெரிந்துகொள்ள உடம்பைப் பார் என்பார்கள். ஒன்றரை வயது மானுக்குக் கால் நீளம், கழுத்து ஒல்லி, பெண் மானுக்குக் கொம்பு ஒட்டவைத்தது போல இருக்கும். மூன்றரையில் மார்பு அகன்று இடுப்பு இறுகிப் பந்தயக் குதிரைச் சாயல் வரும். ஐந்தரையைத் தாண்டினால் கழுத்தும் மார்பும் ஒன்றாகி, வயிறு தொங்கி, உடம்புக்குக் கால் குட்டையாகத் தெரியும். ஒன்றரை வயதில் ஒரு மான் காட்டும் கொம்பு அதன் உச்ச அளவில் சுமார் கால்வாசிதான், ஐந்து, ஆறு வயதில்தான் உச்சம் என்பதால் பொறுத்தால் பலன் உண்டு என்பதில் சந்தேகம் இல்லை. 1988-ல் தென் கரோலினாவில் ஜோ ஹாமில்டன் தொடங்கிய சங்கம் இந்தப் பழக்கத்தை நாடு முழுக்கப் பரப்பியது. எண்பதுகளின் கடைசியில் அமெரிக்காவில் சுடப்பட்ட ஆண் மான்களில் பத்துக்கு ஆறு ஒன்றரை வயதுக் குட்டிகள், இப்போது மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. இதில் சட்டத்தின் பங்கைவிடத் தாமாக விட்டவர்களின் பங்கு பெரியது.

ஆனால் வயதுக் கொள்கைக்கு நிலம் வேண்டும், இதை அதன் பிரசாரகர்கள் சத்தமாகச் சொல்வதில்லை. வளர்ந்த ஆண் மான் ஒன்று சுற்றும் பரப்பு 640 ஏக்கரை, அதாவது ஒரு சதுர மைலைச் சுலபமாகத் தொடும், இணைசேரும் காலத்தில் இன்னும் அலையும். அதைவிட முக்கியம், ஒன்றரை வயது ஆண் மான்களில் பாதிக்கும் மேல் பிறந்த இடத்தை விட்டுச் சில மைல் தள்ளிப் போய்க் குடியேறுகின்றன. 40 ஏக்கர் வைத்திருப்பவர் பரணில் உட்கார்ந்து வருடம் முழுக்கக் காட்டில் கட்டிவைத்த டிரெயில் கேமராவில் பேர் வைத்துக் கொஞ்சிய குட்டியை விடுகிறார், அது அக்டோபரில் நாலு மைல் தள்ளிப் போய் யாரோ ஒருவரின் குண்டுக்கு நிற்கிறது. அவர் நிலத்துக்கு வேறெங்கோ பிறந்தது வரும், அதையும் யாரோ விட்டிருந்தால். ஆகவே ஆயிரக்கணக்கான ஏக்கர் டெக்சாஸ் பண்ணை என்றால் வயது, சின்னச் சின்னத் துண்டு நிலமும் பொதுக் காடும் கலந்த பென்சில்வேனியா என்றால் எல்லோருக்கும் பொதுவான சட்டம். பக்கத்து நிலத்துக்காரர்கள் பத்துப் பேர் கூடி ஒப்பந்தம் போட்டுக்கொண்டாலும் நடக்கும், ஒருவர் நிலத்தை விற்றுவிட்டுப் போகும் வரை.

மூன்றாவது வழியை விஸ்கான்சின் முயன்றது. பெண் மான் ஒன்றைச் சுட்டுப் பதிவு செய்தால்தான் ஆண் மானைச் சுடும் உரிமை. 1996-ல் முதலில் வந்தது. மான் எண்ணிக்கையைக் குறைக்க இதைப் போல வேலை செய்த விதி வேறு இல்லை, வேட்டைக்காரர்கள் இதைப் போல வெறுத்த விதியும் இல்லை. பருவத்தின் முதல் நாள் காலையில், வாழ்நாளில் பார்க்காத அளவு பெரிய கொம்போடு ஒரு மான் இருபது கெஜத்தில் வந்து நிற்கும், கையில் உரிமை இருக்காது. 2011-ல் சட்டமன்றமே அதை எடுத்துவிட்டது. மான் பெருத்துப்போன இடத்தில் சரியான விதி அதுதான் என்றாலும், ஓட்டுப் போடுகிறவர்கள் சகிக்காத விதி நிலைக்காது. அதே நேரம், இந்த ஊர்களில் பெரியவர்கள் பலர் பெண் மானை விடுவதுதான் பண்பு என்று இன்னமும் நினைக்கிறார்கள். மான்கள் அருகிப்போயிருந்த காலத்துப் பழக்கம் அது. வளர்ந்த பெண் மான் வருடத்துக்கு இரட்டைக் குட்டி போடும் இடத்தில், மரக்கன்று ஒன்றுகூட மிஞ்சாத காட்டில், கூட்டத்தையும் காட்டையும் கெடுப்பது அந்தப் பண்புதான். ஆல்ட் மீது பென்சில்வேனியாக்காரர்களுக்கு வந்த கோபம்கூடக் கிளை விதியால் வந்ததைவிடப் பெண் மான்களை அதிகம் சுடச் சொன்னதால் வந்தது.

இந்தக் கணக்கு எல்லாவற்றையும் தலைகீழாக்குவது ஒரு நோய். மானை எலும்பும் தோலுமாக்கிக் கொல்லும், பிரியான் என்ற கோணல் புரதத்தால் வரும் நோய், அங்கே சிடபிள்யூடி (க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்) என்பார்கள், 1967-ல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்டது, 2002-ல் விஸ்கான்சினுக்கு வந்தது, பின்பு பென்சில்வேனியா, மிசூரி, மிசிசிப்பி எல்லாம் தொட்டுவிட்டது. மருந்து இல்லை, வந்த மான் பிழைப்பதும் இல்லை. வளர்ந்த ஆண் மான்களிடம்தான் அதிகம், விஸ்கான்சினில் பெண் மான்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. புது இடத்துக்குச் சுமந்துபோவது அந்த ஊர் மாறும் ஒன்றரை வயதுக் குட்டிகள். அதாவது கிளை விதியும் வயதுக் கொள்கையும் எந்த மான்களைக் காப்பாற்றுகிறதோ அவைதான் நோயின் வண்டி. அதனால்தான் மிசூரி நோய் கண்ட கவுண்டிகளில் கிளை விதியை எடுத்துவிட்டது. நோய்ப் பகுதியில் இருந்துகொண்டு "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்" என்று குட்டியை விடுகிறவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே கோணம் சரியாக இருந்தால் சுட்டு, தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும் வரை கறியைத் தொடாமல் ஃப்ரீசரில் வைப்பதுதான் முறை.

கடைசியாகப் பிள்ளைகள் விஷயம். பென்சில்வேனியா இதில் நல்ல காரியம் செய்தது. ஜூனியர் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மூன்று கிளை விதி கிடையாது, இரண்டு கிளை இருந்தாலே போதும், அல்லது மூன்று அங்குல ஊசிக் கொம்பு இருந்தாலும் சரி. தனியார் பண்ணைகள் பலவற்றில் இந்தச் சலுகை இல்லை. அப்பா பதினைந்து மான் சுட்டு அலுத்துப்போனவர், குட்டியை விடுவது அவருக்குச் சுகம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பதின்மூன்று வயதுப் பெண் இன்னும் ஒன்றுகூடச் சுட்டதில்லை, அவளிடம் போய் இது ரெண்டரைதான், விடு என்றால் அடுத்த வருடம் அவள் பரண் ஏற மாட்டாள். மிரளாத மான், பக்கவாட்டில், பின்னால் மண்மேடு, நல்ல வெளிச்சம், சட்டம் அனுமதிக்கிறது என்றால் அவளைச் சுட விட வேண்டும்.