ரத்தத்துக்கு யார் பில் கட்டுவது: ஆஸ்திரேலியா, இங்கிலாந்து

தானம் செய்பவருக்கு இரண்டு நாட்டிலும் காசு கிடையாது. ஆனால் எடுக்க, சோதிக்க, குளிரில் வைக்க ஆகும் செலவை யாராவது கட்டத்தானே வேண்டும்?

ஆஸ்திரேலியாவில் 2003ல் தொடங்கிய தேசிய ரத்த ஆணையம் அரசு சார்பில் மொத்தமாக வாங்குகிறது. மத்திய அரசு 63 சதவீதம், மாநிலங்கள் 37 சதவீதம். எவ்வளவு வாங்குவது, என்ன விலை என்று ஆண்டுதோறும் சுகாதார அமைச்சர்கள் ஒப்புதல் தருகிறார்கள். மருத்துவமனைக்கு ரத்தப் பை இலவசம். வசதிதான், ஆனால் விலை கண்ணில் படாவிட்டால் கை தாராளமாகிவிடும். பட்ஜெட்டை அதிகம் கடிப்பது சிவப்பணு இல்லை, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதம். அதனால்தான் அதை யாருக்குத் தருவது என்பதற்கு முன் அனுமதி, 2016 முதல் ‘பிளட்ஸ்டார்’ என்ற கணினி முறை வழியாக.

இங்கிலாந்தில் ரத்தம் திரட்டித் தரும் அரசு அமைப்பான என்ஹெச்எஸ் பிளட் அண்ட் டிரான்ஸ்பிளான்ட் ஒவ்வொரு பைக்கும் மருத்துவமனைக்கு விலை போடுகிறது. வீண் குறையும், சரி. அப்புறம் பயன்பாடு குறைந்தால் வருமானமும் விழும், ஆனால் ஆய்வகச் சம்பளமும் வேன் செலவும் அப்படியே நிற்கும், விலையை ஏற்றத்தான் தோன்றும். சிக்கனமாக இருந்த மருத்துவமனைக்கே அந்த பில் போகும் என்பதால் என் ஓட்டு ஆஸ்திரேலியாவுக்கு, அந்த முன் அனுமதியும் கூடவே இருந்தால்.