பின்பக்க வாக்கர்: சக்கரத்துக்கு முழு மதிப்பெண், திருகுக்குப் பாதி

என் மகளுக்கு மூன்று வயது. பெருமூளை வாதத்தால், அதாவது சிறுவயதிலேயே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால், இரண்டு கால்களிலும் இறுக்கம். இத்தகைய குழந்தைகளின் உடலியக்கத் திறனை வகைப்படுத்தும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்னும் ஐந்து நிலைப் பகுப்பில் மூன்றாம் நிலை, அதாவது கையால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் நடப்பாள். பிசியோதெரபிஸ்ட் பரிந்துரைத்துத்தான் இந்த வாக்கரை வாங்கினோம்.

இதன் சட்டம் குழந்தைக்குப் பின்னால் நிற்கும், முன்பக்கம் திறந்திருக்கும். முன்னால் தள்ளிக்கொண்டு போகும் வகையைக் கொடுத்தால் இவள் அதன் மேலேயே கவிழ்ந்துவிடுவாள். இதில் கவிழ்வதற்கு எதிரே ஒன்றும் இல்லாததால் நிமிர்கிறாள். அலமாரியை ஒட்டியே போய் நிற்கவும் முடிகிறது. கீழ்த்தட்டிலிருந்த பொம்மைகள் எல்லாம் இப்போது தரையில்தான். திரும்ப அடுக்குவது என் வேலை, புகாரில்லை.

எனக்குப் பிடித்தது பின்சக்கரங்கள். முன்னோக்கி மட்டுமே உருளும். பின்னால் ஓர் அங்குலம் நகர்ந்தாலும் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும். களைத்துப் பின்னால் சாய்ந்தாலும் வாக்கர் நழுவி ஓடாது. இந்தப் பூட்டு இல்லாத மாதிரியை வாங்கவே வாங்காதீர்கள்.

கைப்பிடியின் ரப்பர் வியர்வையில் வழுக்குகிறது. உயரம் மாற்றும் குழாயின் திருகுகள் அடிக்கடி தளர்கின்றன. விற்பனையாளர் பொருத்திய லட்சணத்தில் இடது கைப்பிடி ஒரு துளை இறங்கியிருந்தது. குழந்தை இடப்பக்கமே சாய்ந்து நடந்தாள். பிசியோதெரபிஸ்ட் பார்த்த பார்வையிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்தார். நின்று பிடிக்கும்போது முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டுமாம். உடன் வந்த விளக்கத் தாளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

உறவினர்கள் சிலர், உட்கார்ந்தபடி உருளும் வட்ட வாக்கர் போதாதா என்றார்கள். அது எந்தக் குழந்தைக்கும் நடை கற்றுத்தராது. விபத்துகளுக்கு அஞ்சிக் கனடா 2004இலேயே அதைத் தடைசெய்துவிட்டது. இன்னும் சிலர், வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பெருமூளை வாதம் உள்ள குழந்தைகள் தங்களால் எட்டக்கூடிய உடலியக்கத் திறனில் பெரும்பகுதியை ஏறத்தாழ 5 வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள் என்று 2002இல் வெளிவந்த கனடிய ஆய்வு காட்டியது. எதற்காகக் காத்திருப்பது?

உடலை நிமிர்த்திப் பிடிக்க முடியாத குழந்தைக்கு இது போதாது. மார்பையும் இடுப்பையும் தாங்கும் நடைப் பயிற்சிச் சட்டம் வேண்டும். வாங்கப் போகும்போது குழந்தையையும் அழைத்துச் செல்லுங்கள். கணுக்கால் தாங்கியும் காலணியும் போட்டு நிற்கவைத்தே அளவெடுக்கச் சொல்லுங்கள், வெறுங்காலில் எடுத்த உயரம் பொருந்தாது.