899 ரூபாய் ஆற்றல் பெட்டி: டார்ச்சுக்காக வாங்கலாம்

அம்பத்தூரில் வீட்டு மாடியில் ஏழு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். எல்லாம் மூன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை. போன மாதம் நாலாவது படிக்கிற மூன்று பேருக்கு அறிவியலில் ஆற்றல் பாடத்தில் தேர்வு. அதற்கு முந்தைய தேர்வில் 'மின்விசிறியில் நடக்கும் ஆற்றல் மாற்றம் என்ன?' என்ற கேள்விக்கு கவின் 'மின் ஆற்றல் காற்று ஆற்றலாக மாறுகிறது' என்று எழுதி வைத்திருந்தான். படித்துதான் இருந்தான், கண்ணால் பார்த்ததில்லை. சரி, செய்து காட்டுவோம் என்று ஆன்லைனில் இந்தப் பெட்டியை வாங்கினேன். எட்டு வயதுக்கு மேல் என்று போட்டிருந்தது.

உள்ளே இருந்தவை: கையால் அமுக்கும் டார்ச், சின்ன சோலார் தகடு, மோட்டாரும் இறக்கையும், ரப்பர் பேண்டில் ஓடும் கார், ஒரு வெள்ளை எல்இடி, ஒற்றை செல் ஹோல்டர், ஒயர், 36 படச்சீட்டு, ஒரு கையேடு.

முதலில் டார்ச். கொடுத்த காசில் பாதி இதற்கே சரியாகப் போயிற்று. உடம்பு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் என்பதால் உள்ளே நடப்பது எல்லாம் தெரிகிறது. கைப்பிடியை அமுக்கினால் பல்சக்கரங்கள் கிர்ர்ர் என்று ஓடி, காந்தம் கம்பிச்சுருளுக்குப் பக்கத்தில் சுற்றி, விளக்கு எரிகிறது. நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் மங்கி அணைகிறது. "உங்க கைக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "காலைல சாப்பிட்ட இட்லி" என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான், பாடம் முடிந்தது. இட்லியில் வேதி ஆற்றல், கையில் இயக்க ஆற்றல், கம்பிச்சுருளில் மின் ஆற்றல், கடைசியில் ஒளி. கிர்ர்ர் சத்தம் ஒலி ஆற்றல் என்று கவினே சேர்த்துக்கொண்டான். என் அப்பாவும் வந்து, தன் பழைய சைக்கிளில் டயரை உரசிக்கொண்டே சுற்றும் டைனமோவைப் பற்றிச் சொன்னார். மேட்டில் மிதிக்க முடியாமல் வேகம் குறைந்தால் விளக்கும் மங்கிவிடுமாம். பிள்ளைகள் அதைக் கேட்ட பிறகு டார்ச்சை மெதுவாகவும் வேகமாகவும் அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அன்று வேறு எதுவும் நடத்த முடியவில்லை.

சோலார் தகடும் நன்றாகவே இருக்கிறது, ஆனால் டியூப்லைட் வெளிச்சத்தில் மோட்டார் அசையவே அசையாது. பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மொட்டை மாடி வெயிலில் வைத்ததும் இறக்கை சுற்ற ஆரம்பித்தது. உடனே ஒரு வாண்டு, "மிஸ், காத்துலதான் சுத்துது" என்றான். நல்ல சந்தேகம். தண்ணீர் டேங்க் நிழலில் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். நின்றது. வெயிலுக்கு இழுத்தான், சுற்றியது. திரும்ப நிழல், திரும்ப வெயில் என்று ஐந்தாறு தடவை பார்த்த பிறகுதான் நம்பினான்.

ரப்பர் பேண்ட் கார் பரவாயில்லை. முறுக்கி வைத்தால் நிலை ஆற்றல், விட்டால் இயக்க ஆற்றல். கூட வந்த ரப்பர் பேண்ட் காய்ந்துபோய் இரண்டாவது முறுக்கிலேயே அறுந்தது. மளிகைக்கடைப் பொட்டலத்து ரப்பரை மாட்டி ஓட்டினோம்.

இனி குறைகள். அந்த எல்இடி எரியாது. ஹோல்டரில் ஒரு செல்தான் போட முடியும், அதாவது 1.5 வோல்ட். வெள்ளை எல்இடிக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். புது செல் வாங்கி, ஒயரை மாற்றி மாற்றிக் கொடுத்து அரை மணி நேரம் வீணானது. கடைசியில் ரிச்சி தெருவில் இரண்டு செல் ஹோல்டர் வாங்கி வந்து மாட்டினேன், எரிந்தது. மோட்டார், சோலார் தகடு, ஒயர் எல்லாமே அங்கே தனித்தனியாகக் கிடைக்கின்றன. அலையத் தெம்பிருந்தால் டார்ச்சைத் தவிர மற்றதையெல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

எல்இடியை விட மோசம் கையேட்டின் தமிழ். 'மின்கலம் ஆற்றலை உருவாக்குகிறது' என்று போட்டிருக்கிறார்கள். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றத்தான் முடியும் என்று நான் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். மின்கலத்தில் வேதி ஆற்றல் மின் ஆற்றலாக மாறுகிறது, அவ்வளவுதான். நான் வைத்த மாதிரித் தேர்வில் 'ஆற்றலை உருவாக்க முடியும், சரியா தவறா?' என்று கேட்டால் இரண்டு பேர் 'சரி' போட்டிருக்கிறார்கள். கேட்டால், "புக்ல இருக்கு மிஸ்" என்று இந்தக் கையேட்டைக் காட்டுகிறார்கள். அந்த வரியை மார்க்கரால் அடித்துவிட்டேன். நீங்கள் வாங்கினால் பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் முழுதும் படித்துவிடுங்கள்.

படச்சீட்டுகளில் கணப்பு அடுப்பு, பனிச்சறுக்கு என்று இங்கே யாரும் பார்க்காத படங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் முப்பந்தல் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுகின்றன, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அதையெல்லாம் போட்டிருக்கலாம். நானே பழைய காலண்டர் அட்டையை வெட்டி இஸ்திரிப்பெட்டி, கேஸ் அடுப்பு, மிக்ஸி, பம்பரம் என்று இருபது சீட்டு எழுதினேன். ஒருவர் சீட்டைக் காட்ட, மற்றவர் 'எதிலிருந்து எதற்கு' என்று சொல்ல வேண்டும். மிக்ஸிக்கு ஒலியையும் வெப்பத்தையும் சேர்த்துச் சொன்னால் கூடுதல் புள்ளி. தேர்வுக்கு முந்தின நாள் முழுக்க இதுதான் ஓடியது.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், அதில் இரண்டு டார்ச்சுக்கு. தேர்வில் இந்தத் தடவையும் மின்விசிறி வந்தது, கவின் 'மின் ஆற்றல் இயக்க ஆற்றலாக' என்று சரியாக எழுதினான்.

எல்இடி எரியவில்லை என்று விற்பனையாளருக்குப் புகார் அனுப்பியிருந்தேன். நாலு நாளில் பதில் வந்தது, மன்னிப்பும் கேட்டார்கள், மாற்றுப் பொருளும் அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தால் இன்னொரு வெள்ளை எல்இடி, அதே ஒற்றை செல் ஹோல்டரோடு.