டம்ப்லைனும் நீலப் பீப்பாயும்: மூன்று கோடைப் பயன்பாட்டுக்குப் பின்

சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள கிராண்ட் போர்ட்டேஜிலிருந்து அமெரிக்க, கனடிய எல்லை ஏரிகளின் வழியே ரெய்னி ஏரி வரை, 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கேனோ (துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய படகு) பயணத்துக்காக எட்டுப் பேர் இரண்டு கோடைகள் பயிற்சி எடுத்து, மூன்றாம் கோடையில் சென்று வந்தோம். மூன்று கோடைகளிலும் நான் விடாமல் பயன்படுத்தியவை 60 லிட்டர் நீலப் பிளாஸ்டிக் பீப்பாயும், அதைத் தலையால் தாங்கிச் சுமக்க உதவும் டம்ப்லைன் என்ற பட்டையும்தான்.

தொடக்கத்தில் எங்கள் பேச்செல்லாம் துடுப்பைப் பற்றியே இருந்தது. ஆனால் பிஜன் ஆற்றின் கடைசிப் பகுதி அருவிகள் நிறைந்தது என்பதால், இவ்வழியில் 13.7 கிலோமீட்டர் மேட்டுத் தடத்தை முதல் நாளே சுமையோடு நடந்து கடக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நார்த் வெஸ்ட் கம்பெனி என்ற தோல் வணிக நிறுவனத்தின் படகோட்டிச் சுமையாட்களான வோயாஜர்கள் ஆளுக்கு 41 கிலோ கட்டுகள் இரண்டை இதே வகைப் பட்டையில் மாட்டிக்கொண்டு இத்தடத்தில் நடந்தார்கள். நான் சுமந்தது 27 கிலோ மட்டுமே.

டம்ப்லைனை நெற்றியில் மாட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நானும் செய்து, ஒரு வாரம் கழுத்தைத் திருப்ப முடியாமல் அவதிப்பட்டேன். அது உச்சிக்குச் சற்று முன்னே, குழந்தைக்கு உச்சிக்குழி இருக்கும் இடத்தை ஒட்டி அமர வேண்டும். அப்போது பாரம் முதுகெலும்பின் வழியே நேராக இறங்கும். பட்டையின் நீளம் இரண்டு விரற்கடை கூடினாலும் பீப்பாய் பிட்டத்தில் இடிக்கும் என்பதால், சரியான நீளத்தில் மையால் கோடு போட்டுக்கொண்டேன். 8 கிலோவில் தொடங்கி வாரம் 2 கிலோ கூட்டியது கழுத்துக்குப் போதிய அவகாசம் தந்தது. கால் வழுக்கினால் தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துச் சுமையை உதறிவிடலாம். தோள்பட்டிகளில் அது முடியாது. குறை என்னவென்றால், தலையை நிமிர்த்த முடியாமல் நம் பாதங்களையே பார்த்து நடக்க வேண்டியிருக்கிறது. ஆகவே சுமை குறைந்தவர் முன்னே சென்று வேரையும் வழுக்குப் பாறையையும் குரல் கொடுத்துச் சொல்வது என்று குழுவில் முடிவு செய்தோம்.

வோயாஜர்கள் ஏறத்தாழ அரை மைலுக்கு ஒருமுறை சுமையை இறக்கி இளைப்பாறிய இடங்களுக்குப் போஸே என்று பெயர். அங்கே சுமைதாங்கிக் கல் ஏதுமில்லை. தரையில் இறக்கியதை மறுபடி தூக்குவதே பாதி வேலை.

பீப்பாயைப் பற்றி அவ்வளவு உற்சாகமாகச் சொல்ல முடியாது. எல்லைக்குத் தெற்கேயுள்ள காப்புக்காட்டில் தகர டப்பாவுக்கும் கண்ணாடிப் புட்டிக்கும் அனுமதியில்லாததால், அரிசி, பருப்பு, மாவு அனைத்தையும் பைகளில் மாற்றி இதில் அடைத்தோம். படகு ஒருமுறை கவிழ்ந்தும் ஒரு சொட்டு நீர் உள்ளே இறங்கவில்லை. ஆனால் கரடிக்கு இது பூட்டு அன்று; இரவில் அதற்குரிய ஏற்பாடு தனியே வேண்டும். இரண்டாம் கோடையில் பீப்பாயைப் பிணைக்கும் சுமைப்பட்டியின் தையல் பிரிந்தபோது, விற்ற கடையார் அதிக எடை ஏற்றியதாக என்னையே குற்றம் சொன்னார்கள். செருப்புத் தைக்கும் ஊசியும் மெழுகு நூலும் கொண்டு நானே தைத்தேன். அத்தையல் இன்றும் பிரியவில்லை.

புதிதாக ஆயத்தமாகிறவர்கள் டம்ப்லைனை முதல் கோடையிலேயே வாங்கிவிடலாம். தலையில் படும் பகுதி தோலாக இல்லாமல் அகலமான பருத்தி நாடாவாக இருக்கட்டும். என் நண்பரின் தோல் பட்டை மழையில் நீண்டு, காய்ந்தபின் விறைத்துவிட்டது.