நாலு நூல் ஓவர்லாக் மிஷினோடு ஐந்து வருடம்

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது இரண்டாவது ஓவர்லாக் மிஷின், அதாவது துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே பிசிறு வராமல் நூலால் சுற்றித் தைக்கிற மிஷின். முதலாவதை இரண்டு வருடம் வைத்திருந்து விற்றுவிட்டேன். இதற்கு ஐந்து வருடம் முடிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளராகச் சேர்ந்து, ஓவர்லாக் டெய்லராக மூன்று வருடம் இருந்தேன். அதனால் ஓவர்லாக் எனக்குப் புதிதில்லை. அப்படியிருந்தும் வீட்டுக்கு வாங்கும்போது முதல் தடவை தவறாகத்தான் வாங்கினேன். வீட்டில் ஜாக்கெட், நைட்டி, பிள்ளைகள் துணி தைக்கிற யாருக்காவது அந்தத் தவறு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கம்பெனியில் நான் ஓட்டியது 747 என்று சொல்லுவார்களே, அந்த நாலு நூல் பெரிய மிஷின். 737 என்றால் மூன்று நூல், 757 என்றால் ஐந்து நூல். நிமிடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் தையல் ஓடும். தனி டேபிள், தனி மோட்டார், எண்ணெய்த் தொட்டி எல்லாம் உண்டு. ஆர்டர் எடுத்துத் தைப்பவர்களுக்கு அதை அடித்துக்கொள்ள வேறு மிஷின் இல்லை. ஆனால் இரண்டு அறை வீட்டில் அதைப் போட்டால் கட்டிலை வெளியே போடவேண்டும்.

அதனால் முதலில் தையல் கடைகளில் ஓரத்தில் வைத்திருப்பார்களே, அந்தச் சின்ன மூன்று நூல் மிஷினை வாங்கினேன். ஒரே ஊசி, முழுக்க இரும்பு, பக்கத்தில் குட்டி மோட்டார். விலை குறைவு. எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார், பாகமும் கிடைக்கும். ஜாக்கெட், சுடிதார், பாவாடை ஓரத்தில் பிசிறு வராமல் அடிக்க மட்டும்தான் என்றால் இன்றைக்கும் அதையே வாங்கச் சொல்லுவேன். எனக்குப் பிரச்சினை வந்தது பனியன் துணியில்.

திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் வாங்கிய பனியன் துணியில் பையனுக்கு டீ சர்ட் தைத்தேன். தோளும் கையும் சேரும் இடம் அலை அலையாக நெளிந்துவிட்டது. இஸ்திரி போட்டாலும் அடங்கவில்லை. கம்பெனியில் ஆயிரக்கணக்கில் அடித்த கைக்கு இது எப்படி வந்தது என்று எனக்கு ஒரு வாரம் தூக்கமே இல்லை. அப்புறம்தான் புரிந்தது, கோளாறு கையில் இல்லை. நான் வாங்கிய மிஷினில் டிஃபரன்ஷியல் ஃபீட் கிடையாது.

ஓவர்லாக் வாங்கப் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண தையல் மிஷினில் துணியைத் தள்ளும் பல் ஒரே செட். டிஃபரன்ஷியல் இருக்கும் ஓவர்லாக்கில் முன்னால் ஒரு செட், பின்னால் ஒரு செட். இரண்டையும் வேறு வேறு வேகத்தில் ஓட வைக்கலாம். பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். பெரும்பாலான வீட்டு மிஷின்களில் 0.7-லிருந்து 2 வரை எண் போட்டிருப்பார்கள். 1-ல் வைத்தால் இரண்டும் ஒரே வேகம். 1.5, 2 என்று ஏற்றினால் முன்பல் அதிகமாகத் தள்ளி, பின்பல் மெதுவாக வாங்கிக்கொள்ளும். இழுபடுகிற பனியன் துணி நீளாமல் அடங்கி உட்காரும். 0.7-க்கு இறக்கினால் துணியை லேசாக இழுத்துப் பிடிக்கும். ஷிஃபான், ஜார்ஜெட் மாதிரி மெல்லிய துணி சுருங்காமல் வரும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. மெல்லிய காட்டனை 2-ல் வைத்து, தையல் நீளத்தையும் கூட்டி ஓட்டினால் துணி தானாகவே சுருக்கு எடுத்து வரும். குழந்தை ஃபிராக்குக்குச் சுருக்கு எடுக்க முன்பெல்லாம் அரை மணி நேரம் உட்காருவேன். இப்போது ஒரு ஓட்டம்தான்.

இரண்டாவதாக வாங்கியது வீட்டு உபயோக நாலு நூல் மிஷின். இரண்டு ஊசி, இரண்டு லூப்பர் (ஊசிக்குக் கீழே நூலைக் கொண்டுபோய்ப் பின்னுகிற கொக்கி). பிரதர் 1034டி, ஜூக்கி எம்ஓ-654டிஇ என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்களே, அந்த வகை. ஓர் ஊசியைக் கழற்றிவிட்டால் மூன்று நூலாக ஓடும். நாலு நூலில் அடித்தால் நடுவில் ஒரு நூல் கூடுதல் பிடிப்பாக ஓடும். நைட்டி பக்கத் தையலை நேராக இதிலேயே மூட்டிவிடலாம். மூன்று நூலில் அப்படி மூட்டாதீர்கள். உட்கார்ந்து எழுந்தால் தையல் விரிந்து இடைவெளி தெரியும். அதற்குத் தையல் மிஷினில் ஒரு தையல் போட்டுவிட்டுத்தான் ஓரம் அடிக்கவேண்டும்.

நூல் கோர்ப்பதைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். பயப்படவேண்டியது கோர்ப்பதற்கில்லை, வரிசைக்குத்தான். முதலில் மேல் லூப்பர், அப்புறம் கீழ் லூப்பர், கடைசியில் ஊசிகள். எப்போதும் ஊசி கடைசி. நடுவில் கீழ் லூப்பர் நூல் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் கோர்த்துவிட்டு ஓட்டினால் நாலு தையலில் மறுபடியும் அறும். ஊசி நூல் ஏற்கெனவே லூப்பரைச் சுற்றிக் கிடக்கும். அதற்கு அடியில் புது நூல் மாட்டிக்கொள்ளும். ஊசி நூல்களை உருவிவிட்டு, லூப்பரைக் கோர்த்து, திரும்ப ஊசியைக் கோர்க்கவேண்டும். இது தெரியாமல் மிஷினே சரியில்லை என்று மூலையில் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். இரண்டு பேர் வீட்டுக்கும் போய் ஓட்டிக் காட்டிவிட்டு வந்தேன்.

கலர் மாற்ற ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கோர்க்கவேண்டியதில்லை. பழைய நூலைக் கோன் பக்கத்தில் வெட்டி, புது நூலோடு சின்ன முடிச்சுப் போடுங்கள். நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் திருகுகளை எல்லாம் பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிட்டு மெதுவாக இழுத்தால் லூப்பர் வழியாக முடிச்சு வந்துவிடும். ஊசிக் காதில் மட்டும் போகாது. அங்கே முடிச்சு வருவதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டு, ஊசியை மட்டும் கையால் கோர்த்துக்கொள்ளலாம். டென்ஷனைப் பழைய எண்ணுக்கு ஏற்ற மறக்காதீர்கள். காற்றால் நூலைத் தள்ளித் தானே கோர்த்துக்கொள்ளும் மிஷின்களும் இருக்கின்றன, பேபி லாக் அதற்குப் பெயர் போனது. விலையைப் பார்த்தால் நம் கைக்கு எட்டுவதில்லை. கண் பார்வை குறைந்தவர்களுக்கு மட்டும் அந்தப் பணம் தகும் என்பது என் எண்ணம்.

ஐந்து வருடத்தில் ஒரே ஒரு பெரிய செலவுதான் வந்தது, அதுவும் என் கவனக் குறைவால். துணியில் குத்தியிருந்த குண்டூசியை எடுக்காமல் விட்டுவிட்டேன். ஓவர்லாக்கில் தையலுக்கு முன்னால் கத்தி ஓடுகிறது. குண்டூசி அதில் மாட்டி 'டக்' என்று ஒரு சத்தம். கீழ்க்கத்தியின் கூரில் பள்ளம் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் ஓரம் வெட்டாமல் கடித்துக் கடித்து வந்தது. கத்தியை மாற்றித்தான் சரியானது. இப்போது நான் குண்டூசியே குத்துவதில்லை. துணி பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப் போடுகிறேன்.

பராமரிப்பு என்றால் பஞ்சுதான். கத்தி வெட்டுகிற ஒவ்வொரு அங்குலத்துக்கும் தூள் விழும். பனியன் துணி என்றால் சொல்லவே வேண்டாம். வேலை முடிந்ததும் மூடியைத் திறந்து பிரஷால் தட்டிவிடுவேன். வாயால் ஊதக் கூடாது, பஞ்சு உள்ளேதான் போகும். ஊசி வாங்கும்போது மிஷினோடு வந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். என் மிஷினுக்குச் சாதாரண தையல் மிஷின் ஊசியே போதும். சில மிஷின்களுக்குத் தனி ஊசி. பனியன் துணிக்கு முனை மழுங்கிய பால் பாயிண்ட் ஊசி, 11 நம்பர் போடுகிறேன். கூர் ஊசி போட்டால் சின்னச் சின்ன ஓட்டை விழுந்து, துவைத்ததும் பெரிதாகும்.

இந்த மிஷினில் முடியாதவையும் உண்டு. டீ சர்ட் கீழ் மடிப்பில் இரட்டைக் கோடு வருமே, அது பிளாட்லாக் என்கிற வேறு மிஷினின் வேலை. ஓவர்லாக்கில் வராது. நான் தையல் மிஷினில் இரட்டை ஊசி போட்டு ஒப்பேற்றிக்கொள்கிறேன். ரிவர்ஸ் தையலும் கிடையாது. முடிவில் தொங்குகிற நூல் சங்கிலியை அப்படியே வெட்டினால் பிரிந்துவரும். பெரிய ஊசியில் அதைக் கோர்த்துத் தையலுக்குள் ஓர் அங்குலம் இழுத்துவிட்டு வெட்டவேண்டும். துப்பட்டா ஓரத்துக்கு ரோல்டு ஹெம் மட்டும் மனம் குளிர வருகிறது. இடது ஊசியைக் கழற்றி, கீழ் லூப்பரை இறுக்கினால் ஓரம் நூல் கனத்துக்குச் சுருண்டுகொள்ளும். பீகோ அடிக்கக் கடைக்கு அனுப்புவதை நிறுத்தி நாளாகிவிட்டது.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் அங்கே விலை குறைவு, வாங்கிவரட்டுமா என்று கேட்டால், பின்புறத் தகட்டில் வோல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், நமக்கு 230. அப்படியே செருகினால் மோட்டார் போய்விடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான், ஆனால் கால் பெடலோ மோட்டாரோ பழுதானால் பாகத்துக்கு எங்கே போவது?

கடைக்குப் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். பையில் நாலு துண்டு துணி இருக்கட்டும்: ஜாக்கெட் துணி, பனியன் துணி, ஷிஃபான், பழைய ஜீன்ஸ். கடைக்காரர் கோர்த்து வைத்திருக்கும் நூலை எல்லாம் உருவச் சொல்லி, ஒருமுறை நீங்களே கோர்த்துப் பாருங்கள். பனியன் துணியை 1-ல் வைத்து ஓட்டுங்கள், அப்புறம் 2-ல் வைத்து ஓட்டுங்கள். இரண்டு துண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று நெளிந்து, ஒன்று தட்டையாகக் கிடந்தால் பில் போடச் சொல்லலாம்.